கைக்கு எவ்வளவு

மதுரையில் யாரிடமும் ஜாதகத்தைக் கேட்கலாம்.
கல்லீரலில் கொழுப்பு எத்தனை என்று கேட்கலாம்,
கொழுந்தன் ஏன் தனிக்குடித்தனம் போனான் என்று கேட்கலாம்.
சம்பளம் கேட்டால் மட்டும்
"ஏதோ வருது" என்று
ஊரே ஒரே தொகையைச் சொல்கிறது.

பன்னிரண்டு நாள் விசாரித்தேன்.
ஐந்து வருடமாக என்னோடு டிபன் பாக்ஸ் மாற்றிக்கொள்ளும் ஜெபக்கனி
ரசத்தைப் பார்த்தபடி "ஏதோ வருதுடி" என்றாள்.
ரஃபீக் அண்ணன்
"அல்லாஹ் கிருபையில குறையில்ல" என்றார், சிரித்துக்கொண்டேதான்.
மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து
விலை பேசுவார்கள்.
அங்கே பிடிக்கிற இரண்டு பேருக்காவது தெரியும்.

கடைசியில் சொன்னது நாகஜோதி,
அந்த ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு விலகியவள்.
மாட்டுத்தாவணியில் திருப்பூர் வண்டிக்கு நின்றபடி:
"இருபத்தி நாலு. நைட்டுக்குத் தனி.
முதல்ல இருபதுதான் சொல்வான். எனக்கும் அதான் சொன்னான்."
பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலிலிருந்து கத்தினாள்:
"பழைய சம்பளத்தச் சொல்லிராத!"

பதினாலாயிரத்து ஐநூறு.
இங்கே மட்டும் சொல்கிறேன்.

ராத்திரி, ஸ்கேன் பிலிம் உறையின் பின்பக்கம் கணக்கு.
ஒரு நாளைக்கு இருபத்தைந்து பேர்.
ஒரு தலைக்கு அவர்கள் வாங்குவது இரண்டாயிரத்து ஐநூறு.
பெருக்கினேன்.
பெருக்கியதை அடித்தேன்.
அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

மூன்று வயது வரை எனக்குப் பேச்சு வரவில்லையாம்.
சிம்மக்கல் பக்கம் படித்துறைக் கோயிலில் அம்மா நேர்ந்துகொண்டு
வைத்த பெயரை
அவர் பயோடேட்டாவில் பார்த்து
"பேச்சி..." என்று இழுத்து நிறுத்தினார்.
"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

அவனியாபுரத்தில் ஏறி, பெரியாரில் மாறி
ஒத்தக்கடை வரை முணுமுணுத்து வந்த வாக்கியம்
நடுவில் எங்கோ இறங்கிவிட்டிருந்தது.
"இருபத்தாறு" என்றது வாய்.

"இப்ப எவ்வளவு வாங்குறீங்க?"

"இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க சார்?"

ஏசி ஒருமுறை இருமியது.
பேப்பர்வெயிட்டை இடமிருந்து வலம் நகர்த்தினார்.
"நம்ம ஆஸ்பத்திரி ஒரு குடும்பம் மாதிரிம்மா."
குடும்பத்தில் எனக்கு யாரும் சம்பளம் தந்ததில்லை சார்
என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

"இருபது."

மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிச்சுக்கங்க, அசையாதீங்க:
நாளைக்கு இருபத்தைந்து பேரிடம் சொல்கிறேன்.
அன்றைக்கு நான் பிடித்தேன்.

"இருபத்தொண்ணு" என்றார்.
"சரி, இருபத்திரண்டு. அதுக்கு மேல எம்.டி.யத்தான் கேக்கணும்."
"கேளுங்க சார்."

இன்னொன்று, உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தது:
கதிர்வீச்சு அளக்கிற பேட்ஜ். என் பெயரில். எனக்கு மட்டும்.
பழைய இடத்தில் இரண்டு பேருக்கு ஒன்று.
ஐந்து வருடத்தில் யார் உடம்பில் எவ்வளவு ஏறியது என்று
எனக்கும் ஜெபக்கனிக்கும் பிரித்துச் சொல்ல ஆளில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.
இருபத்து மூன்றாயிரத்து ஐநூறு.
நைட்டுக்கு முந்நூறு.
பேட்ஜுக்கு "பார்க்கலாம்" என்றார்கள்.
எழுத்தில் கேட்டேன். எழுதினார்கள்.
கடிதத்தில் ஓர் எழுத்து விழுந்து
பேசியம்மாள் என்று இருந்தது என் பெயர்.
இரண்டு நாள் அப்படியே வைத்திருந்துவிட்டுத்தான்
திருத்தச் சொன்னேன்.

ஜெபக்கனி கூப்பிட்டாள்.
"கைக்கு எவ்வளவுடி?"
"ஏதோ" வரை வந்துவிட்டது நாக்கு.
நிறுத்தி, ஆயிரமும் நூறுமாகச் சொன்னேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் மிக்ஸி ஓடியது.
நின்ற பிறகு கேட்டாள்:

"பி.எஃப். பிடிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"